அமெரிக்க ஃபெடரல் கோர்ட் தீர்ப்பை எளிய தமிழில் விளக்குவது எப்படி? எச்-4 வழக்கை வைத்து ஒரு செய்முறை

எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்களின் துணைக்கான விசா), ஓபிடி (படித்து முடித்த மாணவர்களுக்கான வேலை அனுமதி) பற்றி அமெரிக்க நீதிமன்றம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ஒரு மணி நேரத்தில் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றில் பல தப்பாக இருப்பதற்குச் சட்ட அறிவுக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி என்ன என்று பார்க்காமலே பதிலை மட்டும் எழுதிவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளில் நான்காவதுதான் உயிர். மற்றவை அதற்குப் போகும் வழி.

மாதிரிக்கு ஒரு நிஜ வழக்கு. எச்-1பி விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவி, அதாவது எச்-4 விசாக்காரர், சில நிபந்தனைகளோடு வேலை பார்க்கலாம் என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது. தங்கள் வேலையை எச்-1பி ஊழியர்களிடம் இழந்ததாகச் சொன்ன ஐடி ஊழியர்களின் அமைப்பான சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ அதை எதிர்த்து வழக்குப் போட்டது. பத்து ஆண்டு இழுத்த வழக்கு என்பதால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படி 1: அசல் பிரதியை எடுங்கள்

செய்தியை வைத்துத் தீர்ப்பை விளக்காதீர்கள். உச்ச நீதிமன்றமும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் தீர்ப்புகளைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போடுகின்றன. வழக்கு முதலில் விசாரிக்கப்படும் 94 மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்கள் பேசர் என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், பெரும்பாலான ஆவணங்களுக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் கட்டணம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் வசூலிக்க மாட்டார்கள். காசு கொடுக்கும் முன் கோர்ட்லிசனர் தளத்தில் தேடுங்கள். மற்றவர்கள் எடுத்த பிரதிகள் அங்கே இலவசமாக இருக்கும்.

மாவட்ட நீதிமன்றத்தில் பல நேரம் இரண்டு ஆவணங்கள் வரும். ஓரிரு பக்க ஆணை ஒன்று, காரணங்களை விரிவாகச் சொல்லும் தீர்ப்புரை இன்னொன்று. என்ன செய்யச் சொன்னார்கள் என்பது ஆணையில். ஏன் என்பது தீர்ப்புரையில். இரண்டும் கையில் இல்லாமல் எழுத உட்காராதீர்கள்.

படி 2: முதல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்

எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எத்தனை நீதிபதிகள், எங்கிருந்து வந்த மேல்முறையீடு என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு எண்ணிலும் தகவல் உண்டு. நம் மாதிரி வழக்கின் மேல்முறையீட்டு எண் 23-5089 என்றால், 2023இல் பதிவானது. மாவட்ட நீதிமன்ற எண்ணில் நடுவே சிவி என்று வந்தால் உரிமையியல் வழக்கு, சிஆர் என்று வந்தால் குற்றவியல் வழக்கு.

வழக்கின் பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டவர் பெயர் முதலில் வரும். கீழ் நீதிமன்றத்தில் தோற்று மேலே போன அரசின் பெயர் அங்கே முன்னால் வந்துவிடும். அதைப் பார்த்து அரசுதான் வழக்குத் தொடுத்தது என்று எழுதிவிடக் கூடாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தொடக்கத்தில் வரும் சுருக்கம் படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அதை நீதிபதிகள் எழுதுவதில்லை, நீதிமன்றப் பதிவாசிரியர் தயாரிப்பது. தீர்ப்பின் பகுதியல்ல என்று அதிலேயே போட்டிருக்கும். வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், மேற்கோள் மட்டும் உள்ளே இருந்து எடுங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ‘வெளியீட்டுக்கு அல்ல’ என்ற குறிப்பு இருந்தால் அது பொதுவாகப் பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தாது. அதையும் வாசகருக்குச் சொல்லுங்கள்.

படி 3: கடைசிப் பக்கத்துக்குத் தாவுங்கள்

முடிவு அங்கே ஒற்றை வினைச்சொல்லில் இருக்கும். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது, புரட்டியது, ரத்து செய்தது, திருப்பி அனுப்பியது என நான்கு வகை. சில நேரம் இரண்டு சேர்ந்து வரும். ‘ரிமாண்ட்’ என்பதை அப்படியே தமிழில் எழுதாதீர்கள், யாரையோ சிறையில் அடைத்ததாக நினைப்பார்கள். ‘மேற்கொண்டு விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது’ என்று எழுதுங்கள். ரத்து செய்து திருப்பி அனுப்பினால் வழக்கு முடியவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 4: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். ‘எச்-4 வழக்கில் தீர்ப்பு’ என்பது கேள்வி அல்ல. அந்த ஒரே வழக்கில் வெவ்வேறு கட்டங்களில் நீதிமன்றங்கள் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று பாருங்கள்.

2016இல் மாவட்ட நீதிமன்றம்: இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுக்க இந்த அமைப்புக்குத் தகுதி உண்டா? இல்லை என்றது. விதி செல்லுமா என்று அது பார்க்கவே இல்லை.

2019 நவம்பரில் வாஷிங்டன் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றம்: அதே கேள்வி. தகுதி உண்டு என்று சொல்லி, கீழ்த் தீர்ப்பைப் புரட்டித் திருப்பி அனுப்பியது. இந்த இடத்தில்தான் ‘எச்-4 வேலை அனுமதிக்கு எதிராகத் தீர்ப்பு’ என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் முழுத் தவறு. விதி அன்றும் அமலில்தான் இருந்தது.

2023 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றம், 2024 ஆகஸ்ட் 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம்: இப்படி ஒரு விதி போட அந்தத் துறைக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டா? இரண்டு நீதிமன்றங்களும் உண்டு என்றன. விதி செல்லுமா என்ற கேள்விக்குப் பதில் வந்தது இங்கேதான்.

2025 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. இங்கே எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. ஒரு வழக்கை எடுத்து விசாரிக்க ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேராவது விரும்ப வேண்டும். அந்த நான்கு பேர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மேல்முறையீட்டுத் தீர்ப்பு நிற்கிறது. ‘எச்-4 வேலை அனுமதியை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது’ என்று எழுதாதீர்கள். நம் ஊரில் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், கீழ்த் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பது தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

படி 5: காரணத்தைப் பிடியுங்கள்

முடிவுக்கு எது அவசியமோ அதுதான் தீர்மானம். போகிற போக்கில் நீதிபதி சொன்னது, எவ்வளவு சுவையாக இருந்தாலும், பின்வரும் வழக்கைக் கட்டுப்படுத்தாது. இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை: அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் முடிவு நிற்குமா? நின்றால் அது துணைப் பேச்சு.

2024 தீர்ப்பின் காரணம் நீளமானதல்ல. மாணவர் விசாவில் படித்து முடித்தவர்கள் சிறிது காலம் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி விதி செல்லும் என்று அதே நீதிமன்றம் 2022இல், வாஷ்டெக் என்ற தொழிலாளர் அமைப்பு போட்ட வழக்கில் சொல்லியிருந்தது. விசாவில் வருபவர்களுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தில் வேலை அனுமதியும் அடங்கும் என்ற அந்த விளக்கம் தங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதே மூன்று நீதிபதி அமர்வின் பதில். எச்-4 கொள்கை நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்களும் அவர்கள் வாயில் அதைத் திணிக்காதீர்கள்.

இன்னொன்று, மேல் நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை எந்த அளவுகோலால் பார்த்தது என்று தேடுங்கள். சட்டக் கேள்வி என்றால் புதிதாகவே பரிசீலிக்கும். நீதிபதியின் விருப்புரிமையில் விடப்பட்ட விஷயம் என்றால், வரம்பு மீறினாரா என்று மட்டும் பார்க்கும். இரண்டாவது வகையில் ‘உறுதி செய்தது’ என்றால், ‘நாங்களாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்போம்’ என்று பொருள் இல்லை. எளிமைப்படுத்தும்போது முதலில் உதிர்ந்துபோவது இந்தத் தகவல்தான்.

உச்ச நீதிமன்றத்தில் 6-3, 5-4 என்ற எண்ணிக்கையை மட்டும் போடுவதும் ஆபத்து. முடிவை மட்டும் ஏற்று, காரணத்தை ஏற்காமல் தனியாக எழுதும் நீதிபதிகள் உண்டு. எந்தப் பகுதியில் யார் சேர்ந்தார்கள் என்று சொல்லும் வரி தொடக்கத்திலேயே இருக்கும். ஐந்து பேர் சேராத பகுதியை ‘நீதிமன்றம் சொன்னது’ என்று எழுதக் கூடாது. மாறுபட்ட தீர்ப்பிலிருந்து மேற்கோள் எடுத்தால், சிறுபான்மை நீதிபதிகளின் குரல் என்று அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 6: யாரைக் கட்டும், எப்போதிலிருந்து?

மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு தன் எல்லைக்குள் (இந்த எல்லையை ‘வட்டம்’ என்பார்கள்) இருக்கும் மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். கலிஃபோர்னியா ஒன்பதாவது வட்டத்தில், டெக்சஸ் ஐந்தாவதில், நியூ ஜெர்சி மூன்றாவதில் வருகிறது. டிசி தீர்ப்பு அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தால் அந்த மத்திய விதி நாடு முழுக்க முன்போலவே தொடரும். டல்லாஸில் இருக்கும் வாசகருக்குத் தேவை இந்தக் கடைசி வாக்கியம்தான்.

இடைக்கால ஆணைகளில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அவசரத் தற்காலிகத் தடை பொதுவாக 14 நாள். அதற்குப் பிறகு வரும் இடைக்காலத் தடையில், வாதி ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர ஜெயித்ததாகச் சொல்வதில்லை. ‘வாய்ப்புண்டு’ என்ற சொல் அங்கே அலங்காரம் அல்ல.

2025 ஜூன் 27 வந்த டிரம்ப் எதிர் காசா தீர்ப்பு இதற்குச் சரியான பயிற்சி (காசா என்பது குடியேறியவர்களுக்காக இயங்கும் ஓர் அமைப்பு). பிறப்பால் வரும் குடியுரிமையை மட்டுப்படுத்தும் அதிபர் ஆணைக்கு மாவட்ட நீதிமன்றங்கள் நாடு முழுக்கத் தடை விதித்திருந்தன. உச்ச நீதிமன்றத்திடம் அரசு கேட்டது, அந்தத் தடை இவ்வளவு விரியலாமா என்பது மட்டும். வழக்குப் போட்டவர்களுக்கு முழு நிவாரணம் தரத் தேவையான அளவைத் தாண்டிய பகுதியை 6-3 என்ற கணக்கில் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதிபரின் ஆணை 30 நாள் அமலுக்கு வராது என்றும் சொன்னது. அதிபரின் ஆணை அரசமைப்புக்கு உட்பட்டதா என்ற கேள்விக்குள் அந்தத் தீர்ப்பு போகவே இல்லை. ‘குடியுரிமை ரத்து, உச்ச நீதிமன்றம் ஒப்புதல்’ என்று எழுதினால் கர்ப்பிணியாக இருக்கும் ஒரு வாசகியைத் தேவையில்லாமல் கலங்கடிப்பீர்கள்.

படி 7: எழுதுங்கள்

முதல் பத்தியில் நீதிமன்றம், தேதி, கேள்வி, பதில். இரண்டாவதில் காரணம். மூன்றாவதில் இதனால் மாறுவது, மாறாதது. மாதிரி:

‘எச்-4 விசாவில் உள்ள சிலர் வேலை பார்க்க அனுமதிக்கும் 2015 விதி செல்லும் என்று வாஷிங்டன் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பளித்தது. இத்தகைய விதி போட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருப்பதாக அதே நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பை வைத்து முடிவு செய்தது. ஏற்கெனவே வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இதனால் மாற்றம் இல்லை. அரசே இந்த விதியைத் திரும்பப் பெற முயல்வதை இந்தத் தீர்ப்பு தடுக்காது.’

கடைசி வாக்கியம் போன்ற ஒன்று எப்போதும் தேவை. தீர்ப்பையும் அரசாணையையும் குழப்புவது அத்தனை சுலபம். உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்த அதே 2025 அக்டோபரில், 30ஆம் தேதி முதல் போடும் வேலை அனுமதிப் புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் தானியங்கி நீட்டிப்பு கிடையாது என்று துறை அறிவித்தது. எச்-4காரர்களை அது நேரடியாகப் பாதித்தது, ஆனால் நீதிமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 8: அடுத்து என்ன நடக்கலாம் என்று தேதி போடுங்கள்

உரிமையியல் வழக்கில் மாவட்டத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்க 14 நாள். அரசு தரப்பாக இருந்தால் 45. அந்தக் காலம் முடிந்து 7 நாள் கழித்தே வழக்கமாகத் தீர்ப்பு நடைமுறைக்கு வரும். உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள், இதை நீட்டித்துத் தரவும் செய்வார்கள். இந்தத் தேதிகளைக் கணக்குப் போட்டுப் பதிவின் அடியில் எழுதிவையுங்கள். அந்த நாட்களில் வழக்கின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். புதிதாக ஏதாவது நடந்திருந்தால் பழைய வாக்கியங்களைச் சத்தமில்லாமல் மாற்றாமல், பதிவின் தலையிலேயே தேதியோடு ஒரு வரி சேருங்கள். பழைய இணைப்பைத்தான் ஆறு மாதம் கழித்தும் யாராவது குழுவில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.