தாவரப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்காச்சோள மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் உருவாகிறது. இதில் புதிதாக வேலை செய்ய வருவோர், நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். இயந்திரத்தைத் துடைக்காமல் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரத்தோடு உருக்குதல்

பி.எல்.ஏ.யின் மூலக்கூறுச் சங்கிலியை எஸ்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கின்றன. 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், துகளுக்குள் இருக்கும் சிறிதளவு நீரே அவற்றை அறுத்துவிடும். ஆகவே உருக்குவதற்கு முன் ஈரம் 250 பி.பி.எம்.முக்குக் கீழே, அதாவது எடையில் 0.025 விழுக்காட்டுக்கும் குறைவாக, இறங்கியிருக்க வேண்டும். கைக்கு உலர்ந்ததாகப் படும் துகளில் இதைப்போலப் பல மடங்கு ஈரம் இருக்கும்.

புதிய துகள்கள் பெரும்பாலும் படிகமாக்கப்பட்டே, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கிய நிலையிலேயே, வருவதால் 80 முதல் 90 டிகிரி வரை டிரையரைத் தாங்கும். அரைத்த கோப்பைத் துண்டுகளோ படிகமாகாதவை என்பதால் 60 டிகிரிக்குள்ளாகவே இளகி ஒட்டிக்கொள்ளும். பயிற்சிக்கு வந்த ஒருவர் அத்துண்டுகளை மாலையில் டிரையரில் கொட்டிவிட்டுப் போனார். காலையில் உள்ளே இருந்த ஒரே கட்டியை உளிகொண்டு உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைக் கண்டு பயந்த அடுத்தவர், உலர்த்துவதையே விட்டுவிட்டு பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரில் நேராகப் போட்டார். அதன் வாயிலுள்ள டை என்னும் துளையிலிருந்து இழை வராமல் பாகுபோல் ஒழுகியது. ஆறிய துண்டு விரலால் வளைத்ததும் முறிந்தது. அந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு, பி.எல்.ஏ. மறுசுழற்சிக்கு உதவாது என்று அறிக்கையும் எழுதிவிட்டார்! இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அரைத்த துண்டுகளை முதலில் கிளறிக்கொண்டே சூடாக்கிப் படிகமாக்கி, அதன் பிறகே ஈரம் நீக்கிய காற்றில் உலர்த்த வேண்டும். படிகமாக்கும் வசதி இல்லாவிடில் 45 டிகிரியைத் தாண்டாமல் நெடுநேரம் உலர்த்தலாம். எவ்வாறு செய்தாலும், உருகியோடும் வேகத்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அது ஏறியிருந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது.

பெட் பாட்டிலோடு கலக்க விடுதல்

பெட்டின் அடர்த்தி 1.38, பி.எல்.ஏ.யின் அடர்த்தி 1.24, இரண்டும் நீரில் மூழ்கும் என்பதால் தொட்டியில் பிரிக்க முடியாது. அகச்சிவப்புக் கதிரால் இனம் பிரிக்கும் கருவி தேவை.

தாவரத்தில் பிறந்தது மக்கிவிடும் என நம்புதல்

பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் கரும்பு எத்தனாலிலிருந்து தயாரிக்கும் பாலிஎத்திலீன் மக்காது. பி.எல்.ஏ.யும் 60 டிகிரியை ஒட்டிய தொழிற்சாலை உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும்.

சேர்மானங்களைக் குறிக்காமை

எது எவ்வளவு சேர்ந்தது என்று பையின்மேல் எழுதுங்கள்.