மூக்கு அலர்ஜிக்கு ஒளி சிகிச்சையா? முதலில் மூக்கைக் காட்டுங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் போன வாரம், அலர்ஜிக்கு மூக்குக்குள் ஒளி பாய்ச்சும் சிவப்பு ஒளிக் கருவியோடு வந்து நின்றார். "அண்ணா, ரெண்டு மாசமா ஒருநாள் விடாம போடறேன். மூக்கடைப்பு அப்படியே இருக்கு." எட்டு வருடத்துக்கு முன் நான் புலம்பியதும் இதேதான். இதில் பலரும் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

அடைப்பெல்லாம் அலர்ஜி என்று நினைப்பது

தும்மல், அரிப்பு உண்டா என்று கேட்டேன். இல்லையாம். காலையில் டிக்காஷன் இறங்கும்போது வாசனை தெரிகிறதா? கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்கு இன்னும் பொறுக்காது. அலர்ஜி என்றால் பெரும்பாலும் அடுக்குத் தும்மல் வரும், மூக்கு நீராய் ஒழுகும், கண் அரிக்கும். இவை எதுவும் இல்லாமல் நாள் முழுக்க அடைப்பு மட்டும் இருந்து, வாசனையும் போய்விட்டால், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். உரித்த திராட்சை போல வெளிறி வழவழவென்று இருக்கும் அதைப் பாலிப் என்பார்கள். எனக்கு இருந்தது அதுதான். தெரியாமல் பதினொரு மாதம், தினம் மூன்று வேளை, கருவியின் இரண்டு குழல்களையும் மூக்கில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் மூக்கின் இரு பக்கமும் செக்கச்செவேல் என்று ஒளிரும். குணமாகிறது என்று நம்பினேன்.

ஒருநாள் சமையலறையில் கேஸ் கசிந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த மனைவிதான் ஓடிப்போய் மூடினாள். மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். மூக்குக்குள் கேமராக் குழாய் விட்டு (எண்டோஸ்கோப்பி) திரையில் காட்டினார். அப்புறம் அறுவை சிகிச்சை. முன்னமே வந்திருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்து ஸ்பிரேயோடு முடிந்திருக்கலாம் என்றார்.

660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை வைத்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், அலர்ஜி உள்ளவர்களில் 72 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் என்றார்கள். போலி சிகிச்சை பெற்றவர்களில் 24 சதவீதம். பாலிப் உள்ளவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. கருவி வாங்கும் எல்லோருக்கும் அந்த 72 தெரிந்திருக்கிறது. பாலிப் விஷயம் தெரிவதில்லை.

தம்பிக்குச் சனிக்கிழமை எண்டோஸ்கோப்பி. அதுவரை கருவியைப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பிரேயை நிறுத்துவது

கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேதான் முதல் மருந்து. ஒளி அதற்குத் துணை.

சிவப்பு ஒளியும் புற ஊதாவும் ஒன்று என்று எண்ணுவது

ஜெல் நகப்பூச்சு உலர்த்தும் விளக்கைக் காட்டி, "இதுவும் யுவிதானே, மூக்குக்குக் காட்டலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். யுவி என்றால் புற ஊதா. பதறிப்போனேன். மூக்கு அலர்ஜிக்குப் புற ஊதா சிகிச்சையும் உண்டு; ஹங்கேரியின் செகெட் நகரத்து மருத்துவர்கள் உருவாக்கிய அந்த முறையில் யுவி-பி 5 சதவீதம், யுவி-ஏ 25 சதவீதம், மீதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. புற ஊதா செல்லின் டிஎன்ஏவையே தாக்கும். அதனால் மருத்துவமனையில் அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள். அப்படியும் மூக்கு வறளும். வீட்டில் முயலாதீர்கள்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விடுவது

ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அந்த மருந்தே மறுபடி மூக்கை அடைக்கும்.

தூசியை அப்படியே விடுவது

தலையணை உறையை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவையுங்கள். காலி மனையில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்திருந்தால் நடைப்பயிற்சிக்கு வேறு தெருவில் போங்கள்.