ஃப்ளூ ஒருமுறை வந்துபோனால் எது மிஞ்சும், எது மிஞ்சாது

இடவப்பாதி மழை தொடங்கும் ஜூனிலும், ஐப்பசி மழையிலும், தை பிறந்த பிறகும் குமரி மாவட்டத்தில் காய்ச்சலும் இருமலும் வீடு வீடாக ஏறி இறங்கும். அப்போது காதில் விழும் பேச்சு ஒன்று: "போன வருசந்தானே ஃப்ளூ வந்துது, இனி நமக்கு வராது." இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால்தான் மற்ற தவறுகளும் நடக்கின்றன.

ஃப்ளூ வைரஸில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு. ஏ வகையைச் சேர்ந்த எச்1என்1, எச்3என்2 என்ற பெயர்களில் வரும் 'எச்' ஹீமாகுளுட்டினின், 'என்' நியூராமினிடேஸ். இரண்டும் வைரஸின் வெளிப்பரப்பில் துருத்தி நிற்கும் புரதங்கள். ஆன்டிபாடி (உடல் சுரக்கும் எதிர்ப்புப் புரதம்) பெரும்பாலும் ஹீமாகுளுட்டினினின் தலைப்பகுதியைப் பிடித்துத்தான் வைரஸை வாசலிலேயே நிறுத்துகிறது. அந்தத் தலைதான் ஆண்டுக்கு ஆண்டு முகம் மாற்றிக்கொள்கிறது. வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோபுரோட்டீன், எம்1, பிபி1 ஆகியவை எந்திரத்தின் உள்பாகங்கள் போல. அதிகம் மாறினால் வைரஸே ஓடாது. அதனால் ஏ வகைக்குள் இவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. டி செல் (தொற்றிய செல்லைத் தேடி அழிக்கும் நோயெதிர்ப்பு வெள்ளையணு) அடையாளம் காண்பது முக்கியமாக இந்த உள்பாகத் துண்டுகளை. பழைய எச்3என்2 காய்ச்சலில் பழகிய டி செல், புதிதாக வரும் எச்1என்1-ஐயும் ஓரளவு அடையாளம் காண்பது இப்படித்தான். 2019இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள், பிபி1-இன் ஒரு துண்டை வைத்து ஏ, பி, சி மூன்று வகைகளையும் அடையாளம் காணும் கொல்லி டி செல்களைக் காட்டினார்கள்.

இவ்வளவு படித்ததும் "அப்போ தொற்றே வராது" என்று எண்ணுவதுதான் முதல் தவறு. தனியாக மிதக்கும் வைரஸ் டி செல்லின் கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து, அதன் புரதத் துண்டுகள் (சுமார் ஒன்பது அமினோ அமிலம் நீளம்) அந்தச் செல்லின் மேற்பரப்பில் வந்து நின்ற பிறகுதான் டி செல் அதைக் கண்டு கொல்கிறது. ஆக, தொற்று நடந்தே தீரும். நினைவு டி செல் (பழைய தொற்றில் பழகியது) பெருகி நுரையீரலுக்கு வந்து சேரச் சில நாள் பிடிக்கும். அதுவரை மேல்வலியும் காய்ச்சலும் இருக்கத்தான் செய்யும். 2009 பெருந்தொற்றின்போது லண்டனில் ஒரு கல்லூரியின் ஊழியர்களையும் மாணவர்களையும் பின்தொடர்ந்த ஆய்வில், மாறாத உள்பாகங்களை அறியும் டி செல் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் இலேசாக வந்துபோனது. வராமல் போகவில்லை.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, யாரும் யோசிப்பதில்லை. இலேசாக வந்தவர்தான் ஊரெல்லாம் நடமாடுவார். அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை வைரஸ் வெளியேறும். டி செல் அந்த அளவைக் குறைக்கலாம், நிறுத்தாது. "எனக்குச் சும்மா தொண்டை கரகரப்புதான்" என்று அண்டி ஆபீஸ் ஷெட்டில் நூறு பேருடன் உட்கார்ந்து முந்திரி உடைத்தாலோ, சர்க்கரையும் இதயநோயும் உள்ள பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினாலோ, உங்கள் டி செல் பாட்டிக்கு உதவாது. காய்ச்சல் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும் வரை வீட்டில் இருக்கவேண்டும். அதன்பிறகும் சில நாள் முகக்கவசம் நல்லது.

அடுத்த தவறு தடுப்பூசிக் கணக்கில். இது இரண்டு திசையிலும் நடக்கிறது. ஒருவர், "ஊசி போட்டாச்சு, எல்லா ஃப்ளூவுக்கும் டி செல் வந்துரும்" என்பார். கையில் போடும் வழக்கமான ஊசி, செயலிழந்த வைரஸின் வெளிப்புரதங்களைக் கொண்டது. அது பெரும்பாலும் ஆன்டிபாடியைத்தான் வளர்க்கும், கொல்லி டி செல்லை அதிகம் எழுப்பாது. மூக்கில் விடும் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் தடுப்பு மருந்துதான் குழந்தைகளிடம் டி செல்லையும் ஓரளவு கிளப்புகிறது. இன்னொருவர், "வைரஸ்தான் மாறிக்கிட்டே இருக்கே, ஊசி வீண்" என்பார். மாறுவதால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்தத் திரிபுகளைச் சேர்ப்பது என்று சொல்கிறது. வாசலில் நிறுத்தும் வேலையை இப்போதைக்குச் செய்வது இந்த ஊசிதான்.

வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். காலாவதி தேதியை மட்டும் பார்த்துப் பழைய ஆண்டுச் சரக்கை வாங்கிவிடுவதுண்டு. நான்கு திரிபு ஊசியில் கூடுதலாக இருந்த பி வகையின் யமகட்டா வழி 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படவே இல்லை. ஆகவே நான்கு திரிபு ஊசி கிடைக்கவில்லை, மூன்று திரிபுதான் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம். பாதுகாப்பு ஏற இரண்டு வாரம் ஆகும், சில மாதங்களில் இறங்கத் தொடங்கும். இரட்டை மழை பெய்யும் நம் மாவட்டத்தில் மே மாத நடுவுக்குள் போட்டுக்கொள்வது பொருத்தம். ஒன்பது வயதுக்குள் முதன்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். ஒன்றோடு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்று, ஊசி மருந்து இருக்கவேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். மார்த்தாண்டத்தில் வாங்கி பைக் பெட்டியில் வெயிலோடு பேச்சிப்பாறை வரை கொண்டுபோவதும் கெடுதல், பதறிப்போய் ஃப்ரீசரில் வைப்பதும் கெடுதல். உறைந்த மருந்தை உருக்கிப் போடக்கூடாது, கழிக்கவேண்டும். ஐஸ் பையைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டி அதில் நேராக ஒட்டாதபடி வைத்து எடுத்துச் செல்லலாம்.

பழைய காய்ச்சலின் நினைவு எவ்வளவு நாள் நிற்கும்? இரத்தத்தில் சுற்றும் நினைவு டி செல்கள் பல ஆண்டு இருக்கும். நுரையீரலிலேயே தங்கி உடனே பாயும் வகை, எலிகளில் செய்த ஆய்வுகளில், சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. ஆகவே போன மாதம் வந்த ஃப்ளூவும் ஐந்து வருடத்துக்கு முன் வந்ததும் ஒன்றல்ல. சும்மா வந்த சளியெல்லாம் ஃப்ளூ என்று கணக்கு வைப்பது வேறு கதை.

"அண்ணனுக்கு இலேசா வந்துது, எனக்கும் அப்படித்தான்" என்பதும் பொய்க்கும். வைரஸ் துண்டை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறு. கூடப்பிறந்தவர்களிடமே முழுதும் ஒத்துவர நாலில் ஒரு வாய்ப்புதான்.

சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம், குடிக்கலாம் (கருப்பட்டி என்றாலும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்கள் அளந்து குடிக்கவும்). அது டி செல்லை வளர்ப்பதில்லை, கெடுப்பதும் இல்லை. கெடுப்பது வேறொன்று. மருந்துக்கடையில் "காய்ச்சல், மேல்வலி" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் சிலசமயம் டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசலோன் கலந்திருக்கும். ஒரே நாளில் வலி பறந்தது போலிருக்கும். ஆனால் இந்த ஸ்டீராய்டுகள் டி செல்லைத்தான் அடக்குகின்றன. அது நுரையீரலுக்கு வரவேண்டிய அதே நாட்களில் இதை விழுங்கினால் வைரஸுக்குக் கொண்டாட்டம். மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மருத்துவர் எழுதித் தினமும் எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது, அது வேறு ஆபத்து. குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் கூடாது.

இரத்தப் பரிசோதனையிலும் ஏமாற வேண்டாம். சிடி4 (டி செல்லில் ஒரு வகை) எண்ணிக்கை ஃப்ளூ பாதுகாப்பைச் சொல்லாது. காய்ச்சல் நாட்களில் லிம்ஃபோசைட் (டி செல்லும் அடங்கிய வெள்ளையணு வகை) குறைவாகக் காட்டினால் அது பெரும்பாலும் தற்காலிகம். ஃப்ளூவா என்று அறிய மூக்கு, தொண்டைச் சளி மாதிரியில் ஆர்டி-பிசிஆர் வேண்டும், அதுவும் முதல் மூன்று நாலு நாட்களுக்குள்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் களியக்காவிளை சோதனைச்சாவடியில் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்ப்பார்கள். சாதாரண ஃப்ளூவில் பழகிய டி செல், பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1-இன் உள்பாகத்தையும் ஆய்வகத்தில் அடையாளம் காண்கிறது. அதை நம்பிச் செத்த வாத்தை வெறுங்கையால் தூக்கக்கூடாது. இறைச்சி உள்வரை 70 டிகிரிக்கு மேல் வெந்தால் வைரஸ் சாகும்.

கர்ப்பிணி, 65 தாண்டியவர், சிறுகுழந்தை, சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோயாளி ஆகியோர் டி செல் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஒசெல்டமிவிரை அறிகுறி தொடங்கிய 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஐந்து நாள், மருத்துவர் எழுதிய பிறகு மட்டும். சிறுநீரகம் பழுதானால் அளவு குறையும். மூச்சு வாங்கினாலோ, இரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலோ (மேலே பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம்) ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

தூத்தூர், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த 48 மணிநேரம் கிடைக்காது. வாரக்கணக்கில் கரை இல்லை, படகில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் படுக்கை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். படகு ஏறும் காலையில் போடும் ஊசி அந்தப் பயணத்தின் முதல் இரண்டு வாரத்துக்கு உதவாது.