ஒரே வைஃபை, பல பேர்: வீட்டு நெட்வொர்க்கில் உங்கள் அந்தரங்கத்தைக் காப்பது எப்படி?

வைஃபை கடவுச்சொல்லை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் அதை ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அறைத்தோழர், மாடியில் குடியிருப்பவர், அண்ணன், மாமனார், மகனைப் பார்க்க வரும் நண்பன் என எல்லோருடைய தகவலும் ஒரே ரூட்டர் வழியாகத்தான் போய்வருகிறது.

குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நோயைப் பற்றித் தேடுவதும், வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதும், மனநல ஆலோசகருடன் பேசுவதும் குற்றமல்ல. அவற்றை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கு உரியது. அந்த உரிமையைக் காக்க விரும்பும் புதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதல் ஐந்து படிகளை உங்கள் போனிலும் கணினியிலுமே செய்துகொள்ளலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. ரூட்டரைத் தொடும் வேலை கடைசியில் வருகிறது.

தொடங்கும் முன்: யாருக்கு எது தெரியும்?

முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் தளங்களில் நீங்கள் படிக்கும் பக்கம், எழுதும் செய்தி, கடவுச்சொல் ஆகியவை மறையாக்கம் செய்யப்பட்டே (பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டே) போகின்றன. ரூட்டரை நிர்வகிப்பவரால்கூட அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் தளத்தின் பெயர் தெரிந்துவிடும். அது இரண்டு இடங்களில் கசிகிறது. தளத்தின் எண் முகவரியைக் கேட்டுப் போகும் டிஎன்எஸ் வினவல் ஒன்று. இணைப்பு தொடங்கும்போது உலாவி அனுப்பும் முதல் செய்தி மற்றொன்று. எந்த நேரத்தில், எந்தக் கருவியிலிருந்து, எவ்வளவு தகவல் போனது என்பதும் தெரியும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு பெரிய கலைக்களஞ்சியத் தளத்தில் புற்றுநோய் பற்றிப் படித்தால் கலைக்களஞ்சியத்தின் பெயர் மட்டுமே வெளியே தெரியும். புற்றுநோய்க்கென்றே நடத்தப்படும் தளத்துக்குப் போனால் அதன் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

உலாவியின் இன்காக்னிட்டோ முறை இதில் எதையும் தடுக்காது. உங்கள் கருவியில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

படி 1: பகிர்வு வசதிகளை மூடுங்கள்

விண்டோஸ் கணினியில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்தால், அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' வகையா 'பிரைவேட்' வகையா என்று கேட்கும். வீட்டு வைஃபைதானே என்று பலர் 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பலர் சேர்ந்து பயன்படுத்தும் வீட்டில் 'பப்ளிக்' என்பதே சரி. அப்போது உங்கள் கணினி மற்றவர்களின் பட்டியலில் தென்படாது. மேக் கணினியில் 'ஷேரிங்' பகுதியில் தேவையில்லாதவற்றை அணைத்துவிடுங்கள். அருகிலுள்ள ஆப்பிள் கருவிகளுக்குக் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வசதியைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள்.

கருவியின் பெயரையும் பாருங்கள். உங்கள் முழுப்பெயரைத் தாங்கிய போன், ரூட்டரின் பட்டியலில் அந்தப் பெயரோடுதான் நிற்கும். பொதுவான ஒரு பெயரை வைத்துவிடுங்கள்.

படி 2: உலாவியைக் கண்டிப்பானதாக்குங்கள்

குரோம் உலாவியில் தனியுரிமை, பாதுகாப்பு அமைப்புகளுக்குள் எப்போதும் பாதுகாப்பான இணைப்பையே பயன்படுத்தும் தெரிவு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அது எச்டிடிபிஎஸ்-ஒன்லி என்ற பெயரில் 2020 முதல் கிடைக்கிறது. அதை இயக்கினால் மறையாக்கம் இல்லாத தளம் வரும்போது உலாவி நிறுத்தி எச்சரிக்கும்.

தளத்தின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ் சரியில்லை என்று உலாவி சொன்னால், 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாதீர்கள். வைஃபையில் சேர ஒரு சான்றிதழை நிறுவ வேண்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வீட்டு வைஃபைக்கு அது தேவைப்படுவதே இல்லை. அப்படி ஒன்றை நிறுவிவிட்டால், உங்கள் எச்டிடிபிஎஸ் இணைப்புகளைப் பிரித்துப் படிக்கும் வழியை நீங்களே திறந்துவிட்டதாகும்.

படி 3: டிஎன்எஸ் வினவலை மறைத்து அனுப்புங்கள்

வழக்கமான டிஎன்எஸ் வினவல் திறந்தபடியே போகிறது. பெரும்பாலும் அதற்கு விடை தேடித் தருவது ரூட்டர்தான் என்பதால், தளப்பெயர்களைப் பதிவு செய்வது அதற்கு எளிது.

ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. அங்கே சேவை தருபவரின் பெயர் முகவரியை இட வேண்டும். எண் முகவரியை ஏற்காது. கூகுள், கிளவுட்ஃப்ளேர், குவாட்9 மூன்றும் இலவசமாக இந்தச் சேவையைத் தருகின்றன. அவற்றின் உதவிப் பக்கத்திலிருந்து முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

விண்டோஸ் 11 கணினியில் வைஃபையின் வன்பொருள் பண்புகளுக்குள் டிஎன்எஸ் ஒதுக்கீட்டைக் கைமுறைக்கு மாற்றி, 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) அல்லது 9.9.9.9 (குவாட்9) என்று இட்டு, கீழே எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் என்பதை இயக்குங்கள். ஐபோனில் நேரடியான பொத்தான் இல்லை. அந்தச் சேவையின் செயலியையோ அமைப்புக் கோப்பையோ நிறுவ வேண்டும்.

இது முழுக் கவசமல்ல. இணைப்பின் முதல் செய்தியில் தளப்பெயர் இன்னும் தெரியக்கூடும். அதை மறைக்கும் தொழில்நுட்பம் படிப்படியாகப் பரவிவருகிறது. எனினும் செலவில்லாமல் சில நிமிடங்களில் முடியும் வேலைகளில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

படி 4: தேவை இருந்தால் விபிஎன்

விபிஎன் என்பது உங்கள் தகவலை மறையாக்கம் செய்து ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அதைப் போட்டுவிட்டால் ரூட்டருக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரிதான்: விபிஎன் சர்வர். நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டாரிடமிருந்து மறைத்ததை இப்போது விபிஎன் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். எப்படிப் பணம் ஈட்டுகிறது என்று தெரியாத இலவச விபிஎன்னை நம்பாதீர்கள். தன் செயல்முறையை வெளியார் தணிக்கைக்கு உட்படுத்தி அறிக்கை வெளியிடும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் 'கில் சுவிட்ச்' இருந்தால் இயக்கி வையுங்கள். விபிஎன் இயங்கும்போது வீட்டு பிரிண்டர் கிடைக்காமல் போகலாம். பழுதென்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

படி 5: திரையில் கசிவதைத் தடுங்கள்

இந்தப் படியைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுக்குள் ரகசியம் வெளியேறுவதற்குக் காற்றில் போகும் அலைகளைப் பிடிக்கும் திறமைசாலி தேவையில்லை. வெளியேறாமல் விட்ட மின்னஞ்சல் கணக்கு போதும்.

பொதுக் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். உலாவிக்குள் மட்டும் தனித்தனி சுயவிவரங்களாகப் பிரித்து வைப்பது போதாது, ஒரே சொடுக்கில் அடுத்தவர் அதற்குள் வந்துவிடலாம். உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, எந்தெந்தக் கருவிகளில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய டேப்லெட், கூடத்து டிவி, முன்பு இரவல் வாங்கிய மடிக்கணினி எல்லாம் அங்கே வரிசையாக நிற்கக்கூடும். தேவையில்லாதவற்றை அங்கிருந்தே வெளியேற்றலாம். டிவியில் உங்கள் யூடியூப் கணக்கு இருந்தால், நீங்கள் போனில் தேடியதும் பார்த்ததும் அங்கே பரிந்துரைகளாக வந்து நிற்கும். டிவிக்குத் தனிக் கணக்கு வைத்துவிடுங்கள். பூட்டுத்திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள்.

விளம்பரங்களும் காட்டிக்கொடுக்கும். வீட்டில் உள்ள கருவிகள் வழக்கமாக ஒரே பொது ஐபி முகவரியோடு (எண் முகவரியோடு) இணையத்தில் தென்படுகின்றன. அதை வைத்து இவர்கள் ஒரே குடும்பம் என்று விளம்பர நிறுவனங்கள் கணிக்க முடியும். அப்போது நீங்கள் தேடிய பொருள் இன்னொருவர் திரையில் விளம்பரமாக வந்து நிற்கலாம். கணக்கு அமைப்புகளில் தனிப்பயன் விளம்பரங்களை அணைத்தால் இது குறையும்.

படி 6: ரூட்டர்

இதை வீட்டாரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள். வைஃபை விவரங்களில் 'கேட்வே' என்று காட்டும் எண்ணை உலாவியில் இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்.

அங்கே கேட்கப்படும் கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. பல ரூட்டர்களில் அது அடியில் ஒட்டிய தாளிலேயே அச்சாகியிருக்கும். அதைப் படிக்க முடிந்த யாரும் உள்ளே போகலாம். முதலில் அதை மாற்றுங்கள்.

பிறகு பாதுகாப்பு வகை, அதாவது வைஃபையின் மறையாக்க முறை. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ2-இல் கடவுச்சொல் தெரிந்த ஒருவர், உங்கள் கருவி வைஃபையில் சேரும் கணத்தின் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால், அந்த வைஃபை அடுக்கின் மறையாக்கத்தை அவிழ்க்க முடியும். டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைக்கிறது. பழைய கருவிகள் சேர மறுத்தால், இரண்டும் கலந்த முறையை வையுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய வகை மட்டும் வேண்டாம். அது 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

வைஃபை கடவுச்சொல்லை இடாமல் பின் எண்ணாலோ பொத்தானாலோ கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுகிறது. கடைசி இலக்கமும் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதே. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-இல் தெரியவந்தது.

முதன்மை வைஃபையிலிருந்து பிரித்து வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை இயக்கி, விருந்தாளிகளையும் டிவி, கேமரா போன்றவற்றையும் அதில் சேருங்கள். கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் தெரிவு இருந்தால் அதையும் இயக்குங்கள். ரூட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை மூடுங்கள். வீட்டை விட்டு யாராவது குடிபோனால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ரூட்டர் உங்கள் பொறுப்பில் இருந்தால் ஒரு வேண்டுகோள்: அதில் தளப்பெயர்ப் பதிவு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அணைத்துவிடுங்கள், அல்லது மற்றவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அதைப் படிப்பது பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம்.

கண்காணிக்கப்படுகிறீர்கள் என்று சந்தேகம் இருந்தால்

மேலே சொன்னவை தகவல் போகும் பாதையைத்தான் காக்கும். உங்கள் போனில் யாராவது உளவுச் செயலியை நிறுவியிருந்தாலோ, அதன் பூட்டு எண் அவர்களுக்குத் தெரிந்திருந்தாலோ இவை உதவாது. வீட்டில் ஒருவர் மிரட்டிக் கட்டுப்படுத்தும் நிலையில் இருந்தால் அமைப்புகளைத் திடீரென்று மாற்றாதீர்கள். அந்த மாற்றமே அவர் கண்ணில் பட்டு ஆபத்தாகலாம். அவர் தொடாத வேறொரு கருவியில், நம்பிக்கையான ஒருவரின் போனிலோ நூலகக் கணினியிலோ, வீட்டு வைஃபை அல்லாத இணைப்பில் உதவி அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். எதை எப்போது மாற்றலாம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்துவிட்டு, அதன்பின் உங்கள் போனைத் தொடுங்கள்.