குதிரைக்குத் தவிட்டுக் கூழ்: டெல்டாவில் கிடைப்பதை வைத்துச் சரியாகச் செய்வது எப்படி?

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் டெல்டா முழுக்க வைக்கோல் மலிந்து கிடக்கும். குதிரையும் நாள் முழுக்க அதையே மெல்லும். வைக்கோலில் ஈரம் இல்லை. குதிரை குடிக்கும் தண்ணீர் குறைந்தால் மென்றது பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். லத்தி சிறுத்து, காய்ந்து, கடைசியில் நின்றே போகும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் தவிட்டுக் கூழ்.

கூழில் வேலை செய்வது தண்ணீர்தான், தவிடு அல்ல. தவிட்டைப் பேதி மருந்தாக நினைத்து, வாரத்தில் ஒரே ஒரு நாள் இரண்டு கிலோ கொட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மறுநாள் லத்தி இளகினால் வயிறு சுத்தமாகிவிட்டது என்கிறார்கள். பெருங்குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பழகாத தீவனம் வந்ததால் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றம்தான் இளகிய லத்தியாக வெளியே தெரிகிறது. எனவே தினமும் கொஞ்சம் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்கவே வேண்டாம்.

எந்தத் தவிடு?

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கோதுமைத் தவிடு நல்லது. மாட்டுத் தீவனக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். செதில் பெரிதாக, மாவு வாசத்துடன் இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் சூடோ கட்டியோ தட்டுப்படக் கூடாது.

அரிசித் தவிடு நம் ஊர் ஆலைகளிலேயே கிடைக்கிறது, ஆனால் கவனம் தேவை. அதில் எண்ணெய் அதிகம். பச்சரிசித் தவிடு அரைத்த சில நாட்களுக்குள் காறிப்போகும். புழுங்கல் நெல்லின் தவிடு அவிக்கும்போதே சூடுபட்டுவிடுவதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பழைய ஹல்லர் ஆலைத் தவிட்டில் உமி நிறையக் கலந்திருக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் உமி மேலே மிதப்பது தெரியும். அதைக் குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

அளவு

கூழின் அளவு குதிரையின் எடையைப் பொறுத்தது. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 155, நீளம் 148 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. அந்த எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு:

கோதுமைத் தவிடு 500 கிராம்
கொதிநீர் ஒன்றேகால் லிட்டர், பிறகு கலக்கப் பச்சைத் தண்ணீர் ஒன்றரை லிட்டர்
தூள் உப்பு 15 கிராம் (மூன்று தேக்கரண்டி)
தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் (கால்சியம் கார்பனேட்) 25 கிராம்

தவிட்டைப் பாத்திரத்தால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு லிட்டர் செம்பு நிறையத் தவிடு போட்டாலும் கால் கிலோவைத் தாண்டாது, அழுத்தி நிரப்பினால் மட்டும் கூடும். அன்றாட அளவு மாறினால் வயிறும் மாறும்.

செய்முறை

1. சுத்தமான வாளியில் தவிட்டையும் உப்பையும் போட்டுக் கையால் கலக்குங்கள்.

2. கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டையால் அடியிலிருந்து கிளறுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் மேலே கூழாகி, நடுவில் காய்ந்த கட்டி தங்கிவிடும். அந்தக் காய்ந்த கட்டிதான் ஆபத்து. அவசரமாக விழுங்கும் குதிரையின் உணவுக்குழாயில் போய் உப்பி அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் தீவனம் கலந்த நீர் மூக்கு வழியாக ஒழுகும். உடனே தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

3. சாக்கால் மூடி அரைமணி நேரம் விடுங்கள். சித்திரை வெயிலில் கொதிநீர் தேவையில்லை, பச்சைத் தண்ணீரிலேயே ஊறவைக்கலாம்.

4. ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்று, விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். உள்ளே வெள்ளையாகக் காய்ந்த இடம் தெரிந்தால் இன்னும் ஊறட்டும்.

5. பச்சைத் தண்ணீரைச் சேர்த்துத் தளர்த்தி, சுண்ணாம்புக்கல் தூளைக் கலக்குங்கள். நடுவே முழங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது கொடுக்கலாம்.

6. தொட்டியில் வையுங்கள், தரையில் கொட்டாதீர்கள். ஆற்றோர மணல் தரையில் தின்னும் குதிரை கூழோடு மணலையும் விழுங்கும். குடலில் தேங்கிய மணலை எந்தத் தவிடும் வெளியே தள்ளாது.

7. ஒரு மணி நேரத்துக்குள் தின்னாத மிச்சத்தை எடுத்து, தொட்டியைக் கழுவிவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் கூழ் சீக்கிரம் புளிக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; உள்ளே போன புளிப்பு அங்கேயே வாயுவாகும்.

முதல் நாளே அரைக்கிலோ வேண்டாம். 100 கிராமில் தொடங்கி, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். தண்ணீர், உப்பு, சுண்ணாம்புக்கல் தூள் மூன்றையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். கொள் என்றால் வாயைத் திறக்கும் குதிரைதான், ஆனால் வெள்ளைத் தூள் கலந்த வாளியைப் பார்த்தால் சில குதிரைகள் முகத்தைத் திருப்பும். ஒரு பிடி வேகவைத்த கொள்ளோ கொட்டைப்பாக்களவு வெல்லமோ சேர்த்தால் வழிக்கு வரும். குளம்பு அழற்சி வந்த குதிரைக்கு வெல்லம் கூடாது.

அந்த 25 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் ஏன்?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல எட்டு முதல் பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அரிசித் தவிட்டில் அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசம். குதிரைக்கு வேண்டியது நேர் எதிர். கால்சியம் எப்போதும் பாஸ்பரஸை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். தீவனத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உறிஞ்சும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் முகவெலும்பும் தாடையும் உப்பும். நடை கட்டையாகும், ஒரு நாள் ஒரு கால் நொண்டும், இன்னொரு நாள் வேறு கால். பற்கள் ஆடும். மாவு ஆலைகளில் தவிடே தின்று வளர்ந்த குதிரைகளுக்கு இந்த நோய் வந்ததால் தவிட்டு நோய் என்ற பெயரே உண்டு.

டெல்டாவில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லிலும் நெல் வைக்கோலிலும் ஆக்சலேட் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு லத்தியோடு போய்விடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாடு தப்பிக்கிறது, குதிரைக்கு அந்த வசதி கிடையாது. நேப்பியர், வைக்கோல், தவிடு மூன்றையும் மட்டும் தின்னும் குதிரைக்கு 25 கிராம் போதாது. அது தவிட்டுக் கணக்கை மட்டுமே சரிசெய்யும். புல்லில் பாதியையாவது அருகம்புல்லாக மாற்றுங்கள். குதிரைமசால் கிடைத்தால் கால்சியத்துக்கு அதைவிட நல்ல தழை கிடையாது. ஆனால் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அது அழுகும், மேட்டுப் பாத்தி போட்டுத்தான் வளர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக சவுண்டல் தழையைக் கொடுத்தால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும்.

தூள் வாங்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். சுட்ட சுண்ணாம்பும் வெற்றிலைச் சுண்ணாம்பும் வாயையும் வயிற்றையும் வெந்துபோகச் செய்யும். டைகால்சியம் பாஸ்பேட்டில் பாஸ்பரஸும் இருப்பதால் இந்தக் குறையை அது சரியாக ஈடுகட்டாது. மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் கூழில் கலக்கவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொல்லும்.

எப்போது கூடாது

காணும் பொங்கலன்று திருக்கடையூர்ப் பக்கம் ரேக்ளா ஓடப்போகும் குதிரைக்கு முந்தின இரவு புதிதாகக் கூழ் வைக்காதீர்கள். அது வழக்கமாகத் தின்பதையே தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் போதும். ஓடி முடித்ததும் முதலில் நடக்க விட்டு, மூச்சு அடங்க விட்டு, தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தீவனம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையைச் சுவரிலிருந்து தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். பூஞ்சணம் கண்ட தவிட்டைச் சலித்தோ காயவைத்தோ கொடுக்க முடியாது. அதன் நச்சு அப்படியெல்லாம் போகாது.

குதிரை காலால் தரையைப் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்து உருளுகிறது, வழக்கமாக நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடும் லத்தி நின்றுவிட்டது என்றால் அது சூலை வலி. அப்போது கூழ் மருந்தாகாது. இருக்கிற தீவனத்தையும் எடுத்துவிட்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருத்துவர் வரும்வரை மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வயிறு சரியானாலும் குதிரை நிமோனியாவில் போய்விடும்.