பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தைப் பார்க்கச் செல்வோருக்கு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அலிகெனி கவுண்டி நீதிமன்றத்தைக் காணச் செல்பவர்கள், கிரான்ட் வீதி மட்டத்தில் இன்று தெரியும் வாசல்கள் உண்மையில் பழைய நிலத்தடித் தளத்தைச் சேர்ந்தவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1910களில் அங்கிருந்த மேட்டை வெட்டி வீதியைத் தாழ்த்தியதால், கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் அமைத்த முதன்மை வாயில் ஒரு தளம் மேலே போய்விட்டது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் வளைவுகள் தெரியும்.

முந்தைய நீதிமன்றம் 1882இல் தீக்கிரையானபின் எழுந்த இக்கட்டடம் 1888இல் முடிந்தது. ரிச்சர்ட்சனோ 1886இலேயே காலமானார்.

உள்முற்றத்தைத் தவறவிடாதீர்கள். சொரசொரப்பான முகம் கொண்ட கருங்கற்களையும், அடுக்கடுக்கான அரைவட்ட வளைவுகளையும், உயர்ந்த கோபுரத்தையும் நெரிசலின்றிப் பார்க்க அதுவே தக்க இடம் (வெளியிலிருந்து மட்டும் படமெடுத்துத் திரும்புவோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது). பிறகு பின்புறம் ராஸ் வீதிக்குச் சென்றால், கைதிகள் தெருவில் கால் வைக்காமலே பழைய சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே கொண்டுசெல்லப்பட்ட, வெனிஸ் நகரத்துப் பெருமூச்சுப் பாலத்தை நினைவூட்டும் கல்பாலத்தைத் தலைக்கு மேலே காணலாம்.