முதல் உளவியல் ஆய்வுக்கு நெறிக்குழுவின் அனுமதி பெறுவது எப்படி: இரண்டு முறை திரும்பி வந்த ஒரு விண்ணப்பத்தின் பாடம்

என் முதுநிலை ஆய்வேட்டுக்காக, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிக்குழுவிடம் கொடுத்த விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஆய்வு சிக்கலானதன்று, ஒரு வகுப்பு மாணவர்களிடம் மனநிலை பற்றிய கேள்வித்தாளை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை நிரப்பச் சொல்வது, அவ்வளவுதான். மூன்றாம் முறை அனுமதி கிடைத்த பிறகு எழுதி வைத்த குறிப்புகளையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். கருதுகோள், மாதிரி அளவு, புள்ளியியல் முறை ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: விதிகளைப் படியுங்கள், ஆனால் சுருக்கமாக

வரலாறு தெரிந்திருந்தால், குழு ஏன் இப்படியெல்லாம் கேட்கிறது என்பது விளங்கும். தன்னார்வ ஒப்புதல் இன்றியமையாதது என்ற நூரெம்பர்க் நெறிமுறை 1947-இலும், மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இலும் வந்தன. சிபிலிஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு அம்பலமானதைத் தொடர்ந்து அமைந்த ஆணையம், 1979-இல் பெல்மாண்ட் அறிக்கையை வெளியிட்டது. உளவியலுக்குச் சொந்தக் கறைகளும் உண்டு. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், தவறான விடை சொல்லும் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தரச் சொன்னபோது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசி விசைவரை சென்றார்கள். அதிர்ச்சி பொய்தான், அவர்கள் வியர்த்ததும் நடுங்கியதும் பொய்யல்ல.

பெல்மாண்ட் அறிக்கையின் மூன்று கோட்பாடுகளான மனிதர்மீது மதிப்பு, நலம் நாடல், நீதி ஆகியவற்றைத் தாளின் தலைப்பில் எழுதி, உங்கள் ஆய்வை ஒவ்வொன்றின் கீழும் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பேனா நிற்கும். ஏன் இந்தக் குழுவினரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், அதை மறைக்காமல் எழுதி, அவர்களுக்கு அதனால் கூடுதல் சுமை வராமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதற்குமேல் படிக்க வேண்டுமென்றால், அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் ஆய்வு பற்றிய எட்டாம் பகுதியை மட்டும் படியுங்கள், சில பக்கங்கள்தான்.

படி 2: அனுமதிக்கு முன் எந்தத் தரவையும் திரட்டாதீர்கள்

முடிந்துபோன ஆய்வுக்கு நெறிக்குழு பின்தேதியிட்டு அனுமதி தராது. முன்னோட்ட ஆய்வுக்கும் இதே விதிதான். படிவம் சரியாகத் திறக்கிறதா, பொத்தான்கள் இயங்குகின்றனவா என்று சக மாணவர்களை விட்டுச் சோதிப்பது வேறு. அவர்களைக் கற்பனை விடைகள் தரச் சொல்லி, சோதனை முடிந்ததும் அனைத்தையும் அழித்துவிட வேண்டும்.

படி 3: தகவல் தாளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்

ஆய்வின் நோக்கம், ஆகும் நேரம், செய்ய வேண்டியவை, வரக்கூடிய இடர், விலகும் உரிமை, தரவு என்ன ஆகும், யாரைத் தொடர்புகொள்வது என்ற செய்திகள் தகவல் தாளில் இருக்க வேண்டும் என்பதைக் குழுவின் மாதிரிப் படிவமே சொல்லிவிடும். ஆனால் அந்த மாதிரியின் நடையை மட்டும் பின்பற்றாதீர்கள். என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “இவ்வாய்வில் பங்கேற்பதனால் அன்றாட வாழ்வில் எதிர்கொள்ளப்படும் குறைந்தபட்ச இடர்களுக்கு மேற்பட்ட இடர் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை.” உளவியல் படிக்காத என் தோழி ஒருத்தியிடம் படித்துக் காட்டியபோது, “அப்படியென்றால் இடர் இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டாள். மாற்றி எழுதியது இது: “சில கேள்விகள் மனச்சோர்வைப் பற்றியவை. அவற்றைப் படிக்கும்போது சிலருக்கு மனம் கனக்கலாம். விடையளிக்க விரும்பாத கேள்வியை நீங்கள் விட்டுவிடலாம்.”

எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோதுதான், இணையப் படிவத்தில் ஒவ்வொரு கேள்வியின் அருகிலும் கட்டாயம் என்பதற்கான சிவப்பு நட்சத்திரத்தை நானே போட்டு வைத்திருந்தது கண்ணில் பட்டது. தாளில் விட்டுவிடலாம் என்றும், திரையில் விடமுடியாது என்றும் சொன்னால், அங்கே தரப்படுவது ஒப்புதலே அன்று. விடுபட்ட விடைகள் பகுப்பாய்வைக் கெடுக்கும் என்ற கவலை இருந்தால், ‘பதிலளிக்க விரும்பவில்லை’ என்ற தெரிவைச் சேர்த்துவிட்டுக் கட்டாயமாக்குங்கள்.

படி 4: ‘அடையாளம் அறிய முடியாது’ என்று எழுதுவதற்கு முன் (நான் முதன்முறை இடறிய இடம்)

என் ஒப்புதல் படிவத்தில் அடுத்தடுத்து மூன்று உறுதிமொழிகள் இருந்தன. உங்கள் விடைகளை யாருடையவை என்று எவராலும் அறிய முடியாது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் தரவு நீக்கப்படும். இரண்டு வாரம் கழித்து உங்கள் இரு விடைத்தாள்களும் ஒப்பிடப்படும். குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது எழுதியிருந்தது ஒரே வரி: “யாருடையது என்று தெரியாத விடைத்தாளை எப்படி நீக்குவீர்கள், எதனுடன் ஒப்பிடுவீர்கள்?” பத்து முறை படித்த வாக்கியங்கள்தாம், தனித்தனியாக ஒவ்வொன்றும் அழகாக இருந்ததால், ஒன்றையொன்று பொய்யாக்குவது தெரியவில்லை.

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ஆய்வாளர் உட்பட எவராலும் விடைக்குரியவரைக் கண்டறிய முடியாது என்பது முதல் நிலை. இதில் விடைகளை அனுப்பிய பிறகு விலகுதல் இயலாது, அதைப் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெயருக்குப் பதில் குறியீடு இருக்கும், குறியீட்டின் வழியாக ஒருவரின் விடைகளை இணைக்கலாம் என்பது இரண்டாவது. ஆய்வாளருக்கு ஆளைத் தெரியும், ஆனால் வெளியே சொல்லமாட்டார் என்பது மூன்றாவது. ஒரே ஆளிடம் இரண்டு முறை தரவு வாங்கி அவற்றை ஒப்பிடும் எந்த ஆய்வும் முதல் நிலையில் இருக்கவே முடியாது. நான் இரண்டாவதற்கு மாறினேன். பங்கேற்பாளரே தமக்கொரு குறியீடு அமைத்துக்கொள்வார். விலக விரும்பினால் அந்தக் குறியீட்டை மட்டும் அனுப்புவார். ‘எப்போது வேண்டுமானாலும்’ என்பதையும் நீக்கினேன், ஏனெனில் முடிவுகள் அச்சேறிய பிறகு அது நிறைவேற்ற முடியாத வாக்கு. “இரண்டாம் கேள்வித்தாளை நிரப்பிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள்” என்று எல்லை வைத்தேன்.

பெயர் கேட்காததால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது என்பதையும் இந்தப் படியில்தான் கற்றேன். சோதனையின்போது நண்பர்கள் குழுவில் இணைப்பைப் பகிர்ந்தேன். ஒருவர் இரவு 9.42-க்கு “முடித்துவிட்டேன்” என்று செய்தி போட்டார். விரிதாளைத் திறந்தால், கடைசி வரிசையின் நேரக் குறிப்பு 9.41. அவர் எதையும் உண்மையாக நிரப்பவில்லை என்பதால் பிழைத்தேன். வயது, பாலினம், பாடப்பிரிவு என்று கேட்பதும் இப்படித்தான். வகுப்பில் 41 வயதுப் பெண் ஒருவர் மட்டுமே இருந்தால், அந்த வரிசைக்குப் பெயர் தேவையில்லை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று லடான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டியதை நினைவில் வையுங்கள். பிறந்த தேதியைக் கேட்காமல் வயதைக் கேளுங்கள்; வயதையும் ஐந்தாண்டு வரம்புகளாகக் கேட்டால் போதுமா என்று யோசியுங்கள்.

இணையக் கேள்வித்தாள் கருவி பற்றி என் கருத்து: கூகுள் ஃபார்ம்ஸ் எளிது என்றாலும், ஒருவருக்கு ஒரே விடை என்ற கட்டுப்பாட்டைப் போட்டவுடன் அது கணக்கில் உள்நுழையச் சொல்கிறது, மனச்சோர்வைப் பற்றிக் கேட்கப் போகும் படிவம் முதலில் மின்னஞ்சல் கணக்கைத் திறக்கச் சொன்னால் யார் நம்புவார்கள்? குவால்ட்ரிக்ஸில் ஐ.பி. முகவரியை (விடையளிப்பவரின் இணைய இணைப்பைக் காட்டும் எண்) பதிவு செய்வதை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள்தான் அதைத் தேடி இயக்க வேண்டும். என் தேர்வு லைம்சர்வே. அதில் அடையாளமற்ற விடைகள் என்ற அமைப்பை இயக்கிவிட்டு நேரக் குறிப்பையும் கேட்டால், எல்லா விடைகளுக்கும் 1980 ஜனவரி 1 என்றே பதிந்து வைக்கும். முதலில் அதை மென்பொருளின் கோளாறு என்று எண்ணி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். கேள்வித்தாளை வெளியிட்ட பிறகு அந்த அமைப்பை மாற்ற முடியாது. ஆகவே வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒப்புதல் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த அமைப்பு பொறுப்பு என்று ஒருமுறை சரிபாருங்கள்.

படி 5: கேட்டுவிட்டு என்ன செய்வீர்கள்? (இரண்டாம் முறை இடறிய இடம்)

நான் பயன்படுத்தியது மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை, மொத்தம் 27. ஒன்பதாம் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. குழுவின் இரண்டாம் கடிதம் கேட்டது இதுதான்: ஒருவர் நள்ளிரவில் இந்தக் கேள்விக்கு 3 என்று தெரிவு செய்தால், அதை நீங்கள் எப்போது பார்ப்பீர்கள், பார்த்தால் யாரை அழைப்பீர்கள்? முதல் கடிதத்துக்குப் பணிந்து அடையாளங்களையெல்லாம் நீக்கியிருந்த எனக்கு அழைக்க ஆளே இல்லை.

இப்படிக் கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்டுவிட்டுச் செவிசாய்க்காமல் போவதுதான் குற்றம். உங்கள் ஆய்வுக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய தரவு உண்மையிலேயே வேண்டுமென்றால், தொடர்பு விவரத்தைப் பெற்று, அன்றன்றே விடைகளைப் பார்த்து, தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரின் பொறுப்பில் செயல்திட்டம் எழுதி, எந்தச் சூழலில் ரகசியம் காக்கப்படாது என்பதைத் தகவல் தாளிலேயே அறிவித்துவிட வேண்டும். வேண்டாமென்றால், அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.க்யூ-8 என்ற வடிவம் இருக்கிறது. பயிற்சி பெறாத மாணவர்கள் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உதவி எண்களைக் கடைசிப் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள். பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்தான் பெரும்பாலும் அதைப் பார்க்க வேண்டியவர். நான் எல்லாப் பக்கங்களின் அடியிலும் போட்டேன்.

படி 6: ஏமாற்றினால், அவிழ்த்துக் காட்டுங்கள்

இது என் அடுத்த ஆய்வில் தேவைப்பட்டது. புதிர்களைத் தீர்க்கச் சொல்லி, சிலருக்கு வேண்டுமென்றே பொய் மதிப்பெண் கொடுத்தேன். வேறு வழியில்லை என்பதையும், கடுமையான மன வேதனை தராது என்பதையும் நிறுவினால்தான் இதற்கு அனுமதி உண்டு. ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லி, தரவைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் தர வேண்டும்.

ஆனால் சொல்வது மட்டும் போதாது. லீ ராஸ், மார்க் லெப்பர், மைக்கேல் ஹப்பர்ட் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், பொய் மதிப்பெண் பெற்றவர்கள் அது பொய் என்று தெரிந்த பிறகும் தங்கள் திறமையைப் பற்றி அந்த மதிப்பெண்ணின்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட நம்பிக்கை ஆதாரம் போன பின்னும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் விளக்கியபோதுதான் அந்தப் பிடி வெகுவாகத் தளர்ந்தது. ஆகவே, “மதிப்பெண் உண்மையல்ல” என்ற ஒற்றை வரியோடு நான் நிறுத்தவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதி உறையிலிட்டு ஒட்டியிருந்தேன். முடிவில் அதை அவர்களையே பிரிக்கச் சொன்னேன். புதிரைத் தொடுவதற்கு முன்பே எழுதிவிட்ட எண்ணைத் தம் கையால் எடுத்துப் பார்த்தபோது, பலர் சிரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரோடு இருபது நிமிடம் உட்கார்ந்து பேசினேன். அந்த இருபது நிமிடத்தையும் கால அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

படி 7: உங்களிடம் படிப்பவர்களை நீங்களே அழைக்காதீர்கள்

மதிப்பெண் போடுகிறவர் அழைத்தால் அது வேண்டுகோள் ஆகாது. வேறொருவரை விட்டு அழையுங்கள். பங்கேற்புக்குப் பாட மதிப்பெண் உண்டென்றால், பங்கேற்க விரும்பாதவருக்கு அதே உழைப்புள்ள மாற்றுப் பணி வேண்டும். பணம் கொடுத்தால், பாதியில் விலகுபவருக்கும் அதுவரையிலான பங்கைக் கொடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுத் தம் ஆய்வில் குறியீட்டு முறையைப் பின்பற்றிய வாசகர் ஒருவர், கால்வாசி விடைத்தாள்கள் இணையவில்லை என்று எழுதியிருந்தார். தாயின் பெயரின் முதல் எழுத்து என்று கேட்டிருக்கிறார். சுமதி என்ற பெயருக்கு ஒருவரே முதல் முறை ‘ச’ என்றும், அடுத்த முறை ‘சு’ என்றும் எழுதியிருக்கிறார்; சிலர் ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். எனவே எழுத்தை விட்டுவிட்டு, கைப்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், தாய் பிறந்த மாதத்தின் எண், உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்று எண்களாகவே கேளுங்கள்.

இன்னொருவருக்கு நேர்ந்தது இதைவிடச் சங்கடம். “தரவை ஆய்வாளர் மட்டுமே பார்ப்பார், ஐந்தாண்டுகளில் அழிக்கப்படும்” என்று வாக்களித்திருந்தார். கட்டுரையை ஏற்ற ஆய்விதழ், தரவைப் பொதுக் களஞ்சியத்தில் இடச் சொன்னது. கையெழுத்து வாங்கிய வாக்கை அவர் மாற்ற முடியாது. இதழுக்கு விளக்கக் கடிதம்தான் எழுத வேண்டியிருந்தது. என் படிவத்தில் இப்போது இந்த வாக்கியத்தைத் தனிப் பெட்டியில், தனி ஒப்புதலாக வைத்திருக்கிறேன், விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்: “உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிய பிறகு, உங்கள் விடைகளைப் பிற ஆய்வாளர்கள் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க நான் விரும்புகிறேன். இதற்குச் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் இந்த ஆய்வில் பங்கேற்கலாம்.”